எடுப்பதற்கென்றே செய்தவை

அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் பிளாக் என்றொரு சிறு தீவு. 2012இல் அங்கே ஒரு கோடைக்காலத் தேடல் தொடங்கியது. ஈபன் ஹார்ட்டன் என்ற கலைஞர் ஊதிச் செய்த கண்ணாடி உருண்டைகளைக் கடற்கரையிலும் நடைபாதையோரங்களிலும் மறைத்து வைக்கிறார்கள். முன்பு மீனவர்கள் வலை மூழ்காதிருக்கக் கட்டிய கண்ணாடி மிதவைகளின் நினைவு அவை. கண்டெடுத்தவருக்கே சொந்தம், ஆனால் ஆண்டுக்கு ஒருவருக்கு ஒன்றுதான்.

கடலே இல்லாத குன்னத்தில் இந்தப் பேச்சு எதற்கு என்று கேட்கலாம். குன்னமும் ஒருகாலத்தில் கடல்தான். சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அற்றுப்போன அம்மோனைட் என்னும் சுருளோட்டு உயிர்களின் புதைபடிவங்கள் குன்னம், காரைப் பகுதி மண்ணில் இருக்கின்றன. மழை மண்ணை அரிக்கும்தோறும் அவை வெளித்தெரிகின்றன. 2020 அக்டோபரில் குன்னத்தில் தூர்வாரியபோது கிடைத்த உருண்டைப் பாறைகள் டைனோசர் முட்டைகள் என்று வதந்தி பரவியது. அவை அம்மோனைட் சார்ந்த கடற்படிவுகளே என்று புவியியலாளர்கள் விளக்கினார்கள்.

ஆக, இங்கும் மழைக்குப் பின் ஒரு புதையல் தேடலுக்கு இடமிருக்கிறது. ஆனால் தீவில் எடுத்துச் சென்றதற்கு ஈடாக அடுத்த ஆண்டு வேறொன்றை ஊதிக்கொள்ளலாம். காரையில் எடுத்ததை மீண்டும் செய்ய எவராலும் இயலாது. மேலும், எந்த அடுக்கில் கிடந்தது என்ற குறிப்பின்றிப் பெயர்த்த படிவம் பாதி ஊமையாகிவிடுகிறது. அலமாரியில் அழகாக இருக்கும். ஆய்வாளருக்கு அதிகம் சொல்லாது.

இதற்கு ‘எடுக்காதே’ என்ற பலகை மட்டும் போதும் என்று நமக்குத் தோன்றவில்லை. சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள் இதே கடற்படிவுகளை லாரி லாரியாக அள்ளும் நிலத்தில், சிறுவனின் சட்டைப்பையை மட்டும் சோதிப்பது நியாயமுமில்லை. தேடும் ஆசை நல்லது. அதற்கு வேறு பொருள் தர வேண்டும்.

அந்தப் பொருளைச் செய்யும் கைகள் நம் மாவட்டத்திலேயே உள்ளன. அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தச் சிற்பிகளிடம் உரிய கூலி கொடுத்து, உள்ளங்கையளவு மர அம்மோனைட்டுகளைச் செய்யச் சொல்லலாம். தை பிறந்ததும், புதைபடிவங்கள் இல்லாத ஏரிக்கரைகளிலும் பள்ளித் தோட்டங்களிலும், மண்ணைத் தோண்டத் தேவையின்றி அவற்றை மறைத்து வைக்கலாம். ஆளுக்கு ஒன்று. மறுநாள் அதே பிள்ளைகளைக் காரைக்கு அழைத்துப்போய், கையில் இருப்பதன் மூலத்தை மண்ணிலேயே காட்டலாம். மரச்சுருளை வீட்டுக்குக் கொண்டுபோகும் பிள்ளை, கல்சுருளை அதன் இடத்திலேயே விட்டுவரும் என்று நாம் நம்புகிறோம்.