இருபத்தைந்து பேரில் பதின்மூன்று

யோம் கிப்பூர் என்னும் பாவநிவர்த்தி நாளின் பிற்பகல். முந்தைய நாள் மாலையிலிருந்து தண்ணீர்கூடத் தொடாமல் நோன்பிருப்பவர்கள், குஞ்சம் தொங்கும் ஜெபச் சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு, ஜெப ஆலயத்தில் சோர்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஆண்டிலேயே மிகப் புனிதமான அந்த நாளில், அந்த வேளைக்கென்று மரபு குறித்துவைத்திருக்கும் வாசிப்பு லேவியராகமத்தின் 18-ஆம் அதிகாரம். யார் யாரோடு உறவு கொள்ளக் கூடாது என்ற பட்டியல் அது. தமிழ் பைபிள் படித்தவர்களுக்கும் தெரிந்ததுதான். அதன் 22-ஆம் வசனம் ஆணோடு ஆண் சேர்வதை அருவருப்பு என்கிறது. அந்த வசனம் யாரைச் சுடுகிறதோ, அவரும் அதே பசியோடு கூட்டத்தின் நடுவே இருக்கிறார். எழுந்து வெளியே போகவும் முடியாது. போனால், ஏன் என்று பக்கத்திலிருப்பவர் கேட்பார்.

யூத சமயத்தில் தன்பாலீர்ப்பாளர்களின் இடம் பற்றி எவ்வளவோ விவாதம் நடந்துவிட்டது. பெரும்பாலானவை வசனத்திலிருந்து தொடங்கின. அந்த மனிதரிலிருந்து தொடங்கியவைதான் ஏதாவது ஒரு கதவைத் திறந்திருக்கின்றன.

முதல் கதவை அவர்களே கட்டிக்கொண்டார்கள். 1972-இல் லாஸ் ஏஞ்சலஸில் தன்பாலீர்ப்பு யூதர்கள் சிலர் கூடி ஒரு ஜெப ஆலயத்தைத் தொடங்கினார்கள். பெயர் பெத் ஹயீம் ஹதாஷிம். புது வாழ்வின் இல்லம் என்று பொருள். உலகில் அவ்வகையில் அதுவே முதல் ஆலயம். தொடக்கத்தில் அவர்கள் கூடியது ஒரு கிறிஸ்தவ சபையின் கட்டடத்தில். 1974-இல் சீர்திருத்த யூத ஆலயங்களின் கூட்டமைப்பு அதை உறுப்பாகச் சேர்த்துக்கொண்டது. அந்த ஆலயத்துக்கு வந்துசேர்ந்த தோரா என்னும் வேதச் சுருள், நாஜிகளின் அழித்தொழிப்புக்குப் பிறகு செக் நாட்டில் மிஞ்சிய சுருள்களில் ஒன்று. அதை வாசித்துவந்த ஊர் யூதர்கள் இல்லாமற் போனார்கள். இனத்துக்குள்ளேயே ஒதுக்கப்பட்டவர்களின் கையில் அந்தச் சுருள் மறுபடி விரிந்தது.

அடுத்த கட்டத்தில் குருமடங்கள் அசைந்தன. 1984-இல் ரீகன்ஸ்ட்ரக்ஷனிஸ்ட் பிரிவின் குருமடம் வெளிப்படையான தன்பாலீர்ப்பாளர்களைச் சேர்க்க முன்வந்தது. 1990-இல் சீர்திருத்தப் பிரிவின் ரப்பிகள் என்னும் சமயகுருக்களின் சபையும் அதே முடிவுக்கு வந்தது. இவ்விரு பிரிவுகளுக்கும் பழைய சமயச் சட்டமான ஹலாக்கா இறுதிக் கட்டளை அல்ல என்பதால், மனச்சாட்சி சொன்னதைச் செய்வது அவர்களுக்கு ஓரளவு எளிது.

உண்மையான போராட்டம் நடந்தது கன்சர்வேட்டிவ் பிரிவில். ஹலாக்கா கட்டுப்படுத்தும் என்றும், காலத்தோடு அது வளரும் என்றும் ஒரே மூச்சில் சொல்லும் பிரிவு அது. அதன் சட்டக்குழு 1992-இல், தன்பாலீர்ப்பாளர்களை ஆலயத்துக்கு வரவேற்கலாம், ஆனால் ரப்பி பட்டமும் இணைவுச் சடங்கும் கிடையாது என்று முடித்திருந்தது. வா, உட்கார், ஆனால் முன்னே வராதே என்பதுதான் அதன் சாரம்.

2006 டிசம்பர் 6 அன்று அந்தக் குழு மறுபடி வாக்களித்தது. 25 ரப்பிகள். எலியட் டார்ஃப், டேனியல் நெவின்ஸ், ஏவ்ரம் ரெய்ஸ்னர் மூவரும் எழுதிய அனுமதித் தீர்ப்புக்கு 13 வாக்குகள். தடை நீடிக்க வேண்டும் என்று ஜோயல் ராத் எழுதிய தீர்ப்புக்கும் 13 வாக்குகள். கூட்டிப் பார்த்தால் 26 வருகிறது. குறைந்தது ஒரு ரப்பியாவது இரண்டையும் ஆதரித்திருக்கிறார் என்று அர்த்தம். அந்தக் குழுவில் 6 வாக்கு பெற்றாலே ஒரு கருத்து செல்லுபடியாகும் என்பதால் இரண்டு தீர்ப்புகளுமே நிலைத்தன. எதன்படி நடப்பது என்பதை அந்தந்த ஆலயத்தின் ரப்பியே முடிவு செய்துகொள்ளலாம். ராத் உட்பட நான்கு பேர் குழுவை விட்டு விலகினார்கள்.

அனுமதித் தீர்ப்பு நின்ற அடித்தளம், பழைய யூதச் சட்ட விவாத நூலான தல்மூதின் ஒரு கோட்பாடு: மனித மாண்பு. எபிரேயத்தில் கவோத் ஹப்ரியோத். பஸ்கா பலியிடப் போகிறவர் தீட்டுப்படக் கூடாது. நெருங்கிய உறவினர் சாவுச் செய்தி வந்தால்கூடப் போகக் கூடாது. ஆனால் வழியில் கேட்பாரற்று ஒரு பிணம் கிடந்தால், அவர் நின்று அடக்கம் செய்துவிட்டுத்தான் போக வேண்டும். யாருமில்லாத பிணத்தின் மாண்பு அந்தத் தடையைவிடப் பெரிது என்றார்கள் அறிஞர்கள். இறந்தவருக்கே இவ்வளவு மரியாதை என்றால், வாழ்நாள் முழுக்கத் துணையின்றி இரு என்று உயிரோடிருப்பவரிடம் எப்படிச் சொல்வது? சட்டத்தை விட்டு வெளியே போகாமல், சட்டத்தின் நெஞ்சுக்குள்ளிருந்தே எடுத்த வாதம் இது. அதனால்தான் அது ஆழமாக வேர் பிடித்தது.

ஆனாலும் அந்தத் தீர்ப்பில் ஒரு காயம் மிச்சம். பிற்கால ரப்பிகள் விதித்த தடைகளை நீக்கிய மூவரும், தோராவின் மூலத் தடையைத் தொடத் துணியவில்லை. ஆண்களுக்கிடையே ஒரு குறிப்பிட்ட உடலுறவு மட்டும் விலக்கு என்று குறுக்கி, அதை அப்படியே விட்டுவைத்தார்கள். மாண்பு என்று சொல்லிவிட்டு, படுக்கையறை வாசலில் ஒரு காவலை நிறுத்துவது முழு மாண்பு ஆகாது. அன்றைய வாக்குக் கணக்கில் அதற்கு மேல் போயிருந்தால் தீர்ப்பே வீழ்ந்திருக்கலாம் என்பது புரிகிறது. ஆனால் அதை நீதி என்று அழைக்க முடியாது.

விளைவுகள் வேகமாக வந்தன. 2007 மார்ச்சில் அந்தப் பிரிவின் குருமடமான நியூயார்க்கின் ஜூயிஷ் தியாலஜிகல் செமினரி கதவைத் திறந்தது. வெளிப்படையான தன்பாலீர்ப்பாளராக அங்கே முதலில் பட்டம் பெற்ற ரேச்சல் ஐசக்ஸ் 2011-இல் ரப்பியானார். மெய்ன் மாநிலத்தின் வாட்டர்வில் என்ற சிற்றூரில் சமூகத்தை நடத்தினார். 2012-இல் சட்டக்குழு திருமணச் சடங்கையும் வகுத்தது. இம்முறை எதிர்ப்பு வாக்கு ஒன்றுகூட இல்லை. மரபான யூதத் திருமணத்தில் மணமகன் மோதிரம் கொடுத்து மணமகளைத் தனக்குரியவளாக்கிக்கொள்கிறான். புதிய சடங்கு அதை விட்டுவிட்டு, இருவரும் சமமாகச் செய்யும் கூட்டு உடன்படிக்கையை ஆதாரமாக எடுத்துக்கொண்டது. பிரிய நேர்ந்தால் எழுதிக்கொடுக்க வேண்டிய விலக்குப் பத்திரத்தின் வாசகத்தையும் சேர்த்தே தந்தது. பிரிவதற்கும் ஒழுங்கான வழி கொடுப்பதுதான் ஓர் உறவைச் சட்டம் மெய்யாக மதிப்பதன் அடையாளம்.

ஆர்த்தடாக்ஸ் எனப்படும் வைதீக யூதத்தில் நிலைமை வேறு. 1999-இல் ரப்பி ஸ்டீவன் கிரீன்பெர்க் தன்னை வெளிப்படுத்திக்கொண்டபோது, வைதீக ரப்பி ஒருவர் அப்படியும் இருக்க முடியுமா என்றே பலர் கேட்டார்கள். ஈர்ப்பை மாற்றித் தருகிறோம் என்று பணம் வாங்கிய ஜோனா என்ற அமைப்பு செய்தது நுகர்வோர் மோசடி என்று 2015-இல் நியூஜெர்சியில் ஜூரி தீர்ப்பளித்தது. அதே ஆண்டு ஜூலையில் ஜெருசலேம் பெருமித ஊர்வலத்தில் தீவிர மதப் பற்றாளர் ஒருவர் கத்தியால் குத்தியதில் 16 வயதுச் சிறுமி ஷிரா பாங்கி இறந்தாள். 2005 ஊர்வலத்திலும் கத்தியோடு பாய்ந்து, சிறையிலிருந்து சில வாரங்களுக்கு முன்புதான் வெளியே வந்தவன் அவன்.

எனினும் அங்கும் சுவர் இறுகிய பாறை அல்ல. 2010-இல் நூற்றுக்கும் மேற்பட்ட வைதீக ரப்பிகளும் கல்வியாளர்களும், தன்பாலீர்ப்பாளர்களை மாண்போடு நடத்த வேண்டும் என்றும், ஆலயத்தில் அவர்களை முழு உறுப்பினர்களாக வரவேற்க வேண்டும் என்றும் கையெழுத்திட்டார்கள். ஹலாக்காவின் தடை நீடிக்கிறது என்றும் அதே அறிக்கை சொன்னது. 2020-இல் ஜெருசலேம் ரப்பி பென்னி லாவ், தன்பாலினத் தம்பதிகளும் அவர்களின் பிள்ளைகளும் சமூகத்துக்குள் வாழ வழிகாட்டும் குறிப்புகளை வெளியிட்டார். மனிதன் தனித்திருப்பது நல்லதல்ல என்ற ஆதியாகமத்தின் எண்ணமே அதற்கு அடிப்படை.

சீர்திருத்த ஆலயங்கள் யோம் கிப்பூர் பிற்பகலில் 18-ஆம் அதிகாரத்தை விட்டு, பிறனையும் தன்னைப் போல நேசிக்கச் சொல்லும் 19-ஐ வாசிக்கின்றன. வைதீக ரப்பிகள் அந்த மாற்றத்தைச் செய்யப் போவதில்லை. பழைய அதிகாரத்தையே அவர்கள் வாசிக்கட்டும். ஆனால் வாசித்து முடித்ததும் சுருளைச் சுற்றி வைக்குமுன், நீங்களும் எங்களவர்தான், எழுந்து போக வேண்டாம் என்று ஒரு வார்த்தை உரக்கச் சொல்லட்டும். அதைத் தடுக்கும் ஹலாக்கா எதுவும் இல்லை.