ஐந்தருவியும் ஆகாயத் தந்தியும்

குற்றாலம் என்றவுடன் ஆனி, ஆடி மாதத்துச் சாரல்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். கார்த்திகையிலும் அருவி விழும் என்பதை ஐயப்ப பக்தர்கள் அறிவார்கள். தென்காசி ஜில்லாவாசிகளாகிய நாங்களும் அறிவோம். அத்தகைய கார்த்திகை ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், தமக்கை மகனை அழைத்துக்கொண்டு ஐந்தருவிக்குப் போயிருந்தேன். கறுப்பு வேஷ்டிக் கூட்டம் கலைவதற்காகப் படியோரம் காத்து நின்றபோது, மேகங்களின் இடைவெளியில் ஒரு விமானம் வெள்ளைக் கோடு இழுத்துக்கொண்டு தெற்கு நோக்கிச் சென்றது. திருவனந்தபுரத்திற்கோ, கொழும்புக்கோ, யார் கண்டார்கள்?

பையன் அண்ணாந்து பார்த்தான். பத்திரிகை படிக்கிற பையன்.

"மாமா, டில்லியிலே ஏதோ ஒரு கம்ப்யூட்டர் நின்றுபோனதற்கு எண்ணூறு விமானங்கள் ஏன் தாமதப்பட வேண்டும்? விமானத்துக்கு இஞ்சின் இருக்கிறது, ஓட்டுகிறவர் இருக்கிறார், ரேடியோவும் இருக்கிறது. அப்புறம் என்ன குறை?"

உபாத்தியாயர் தொழிலில் இருபது வருஷம் கழித்தவனுக்கு இத்தகைய கேள்வி கிடைத்தால் அருவி மறந்துபோகும். எனக்கும் மறந்துபோயிற்று. அவனுக்குச் சொன்னதையும், அங்கே சொல்ல விட்டுப்போனதையும் நேயர்களுக்கு இங்கே சொல்லுகிறேன்.

விமானி தரையோடு பேசுகிறார் என்பது சினிமா பார்த்த எல்லோருக்கும் தெரியும். தரையோடு தரை பேசிக்கொள்வதுதான் கண்ணுக்குத் தெரியாத காரியம். ஒரு விமானம் கிளம்புவதற்கு முன்பே, அதன் பெயர் என்ன, எந்த ஜாதி விமானம், எத்தனை மணிக்குக் கிளம்பும், எந்த வழியில் எந்த உயரத்தில் பறக்கும் என்ற விவரங்கள் அடங்கிய பிரயாணத் திட்டம், அது கடக்கப்போகும் வட்டாரங்களின் கட்டுப்பாட்டு நிலையங்களுக்கெல்லாம் போய்ச் சேர வேண்டும். அது போய்ச் சேராவிட்டால், சென்னையில் ராடார்த் திரைமுன் உட்கார்ந்திருப்பவருக்கு அந்த விமானம் முன்பின் அறியாத விருந்தாளி. வாசலில் வந்து நின்றபின் "நீர் யார், எங்கே போகிறீர்?" என்று விசாரிக்கும்படி ஆகிவிடும். ஒரு விருந்தாளியானால் விசாரிக்கலாம். நிமிஷத்துக்கு ஒருவர் வந்தால்?

இந்தச் செய்திகளைச் சுமப்பதற்காக உலகம் முழுவதும் விரிக்கப்பட்டிருக்கும் வலை, பிறப்பால் ஒரு தந்தி வலை. நம் நாட்டில் பொதுஜனத் தந்தியை 2013 ஜூலையில் நிறுத்திவிட்டார்கள். தந்திச் சேவகனின் சைக்கிள் மணி கேட்டு வீட்டுப் பெண்கள் அழத் தொடங்கிய காலத்தை எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இன்னும் சொல்லுவார்கள். ஆனால் ஆகாயத் தந்தி நிற்கவில்லை. எட்டு எழுத்து விலாசம், எல்லாம் பெரிய எழுத்து, ஒரு செய்திக்கு 1800 எழுத்துக்குமேல் கூடாது என்ற பழைய தந்தி விதிகள் அதில் நெடுங்காலம் வாழ்ந்தன. விலாசத்தின் முதல் நான்கு எழுத்து ஊரைக் குறிக்கும்: சென்னைக்கு வி.ஓ.எம்.எம்., மதுரைக்கு வி.ஓ.எம்.டி., திருவனந்தபுரத்துக்கு வி.ஓ.டி.வி. ஆபத்துச் செய்திக்கு 'எஸ்.எஸ்.' என்று இரட்டை எழுத்து முத்திரை. அது வந்தால் மற்றதெல்லாம் ஒதுங்கி வழிவிட வேண்டும். பிரயாணத் திட்டத்துக்கு 'எப்.எப்.'

ஆரம்ப நாட்களில் செய்தியை மாற்றிவிட்ட முறை வேடிக்கையானது. டெலிபிரிண்டர் யந்திரம் காகித நாடாவில் துளைபோட்டுத் தள்ளும். குமாஸ்தா அந்த நாடாவைக் கிழித்து, விலாசத்தைப் பார்த்து, வேறு ஊருக்குப் போகும் யந்திரத்தில் கொண்டுபோய்ச் செருகுவார். நம் ரெயில்வே ஜங்ஷனில் போர்ட்டர் பெட்டியை ஒரு வண்டியிலிருந்து இறக்கி இன்னொன்றில் ஏற்றுவதுபோலத்தான். பிறகு அந்தப் போர்ட்டர் வேலையைக் கம்ப்யூட்டர் ஏற்றுக்கொண்டது. தானியங்கிச் செய்தி மாற்று யந்திரம் என்று அதைச் சொல்லலாம். பையன் படித்த செய்தியில் டில்லியில் படுத்துக்கொண்டது இதுதான்.

2025 நவம்பர் 6-ஆம் தேதி அதில் கோளாறு கண்டது. மறுநாள் எண்ணூறுக்கு மேற்பட்ட விமானங்கள் தாமதப்பட்டன. விமானங்களுக்கு ஒரு பழுதுமில்லை, ராடார் பார்த்தது, ரேடியோ பேசியது. ஆனால் தானாக வந்து விழவேண்டிய பிரயாணத் திட்டங்கள் வரவில்லை. உத்தியோகஸ்தர்கள் ஒவ்வொன்றையும் கையால் எடுத்துச் செலுத்தினார்கள். கை யந்திரத்தின் வேகத்தில் ஓடாது. ஆகவே பத்திரத்தை முன்னிட்டு ஒரு விமானத்துக்கும் அடுத்த விமானத்துக்கும் நடுவே இடைவெளியைக் கூட்டினார்கள். பிரயாணிகள் கோபித்துக்கொண்டார்கள். எனக்கென்னவோ அந்தத் தாமதத்தில் குறை சொல்லத் தோன்றவில்லை. 1996 நவம்பர் 12-ஆம் தேதி டில்லிக்கு அருகே சர்க்கி தாத்ரியில் சவூதி விமானமும் கஜாக் விமானமும் நடுவானில் மோதி 349 பேர் மாண்டதை மறந்தவர்களே அவசரப்படுவார்கள். அன்று ஒரு விமானம் தனக்குச் சொன்ன உயரத்தில் நில்லாமல் கீழே இறங்கியது. அது எந்த உயரத்தில் பறக்கிறது என்று தானே காட்டக்கூடிய ராடார் அன்று டில்லியில் வேலைக்கு வந்திருக்கவில்லை.

இதைப் பழைய சாமானின் குற்றம், புதிதாக வாங்கினால் தீர்ந்துபோகும் என்று சொல்லிவிட முடியுமா? பணக்கார தேசமான அமெரிக்காவைப் பாருங்கள். 2025 ஏப்ரல் 28-ஆம் தேதி நியூவார்க் விமான நிலையத்துக்கு வரும் விமானங்களை பிலடெல்பியாவிலிருந்து கவனித்துக்கொண்டிருந்தவர்களுக்கு ராடாரும் பேச்சும் சேர்ந்தாற்போல் அற்றுப்போயின. சுமார் ஒன்றரை நிமிஷம். அவ்வளவுதான். ஆனால் அந்த ஒன்றரை நிமிஷம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் சிலர் மனம் கலங்கிப் பல நாள் லீவு எடுத்துக்கொண்டார்கள். நியூயார்க்கிலிருந்து பிலடெல்பியாவுக்குத் தகவல் கொண்டுவந்த கம்பி வழிதான் கோளாறு. பிற்பாடு தாமிரக் கம்பியை எடுத்துவிட்டுக் கண்ணாடி இழை போட்டார்கள். புதிதாக மூன்று வழிகளும் சேர்த்தார்கள்.

இங்கிலாந்தின் கதை இன்னும் விசித்திரம். 2023 ஆகஸ்ட் 28-ஆம் தேதி லாஸ் ஏஞ்ஜல்ஸிலிருந்து பாரிஸுக்குப் போகும் ஒரு விமானத்தின் திட்டம் வந்தது. அதில் ஒரே மூன்றெழுத்துப் பெயரில் இரண்டு இடங்கள்: ஒன்று அமெரிக்காவில் பிசாசு ஏரி என்னும் ஊர், மற்றது பிரான்ஸில் டோவில். யந்திரம் குழம்பி, தப்புச் செய்வதைவிடச் சும்மா இருப்பது மேல் என்று நின்றுவிட்டது. உதவிக்கு வைத்திருந்த இரண்டாவது யந்திரம் உடனே பொறுப்பை ஏற்றது. அதுவும் அதே திட்டத்தைப் படித்து, அதே இடத்தில் குழம்பி, அதே மாதிரி நின்றது. எல்லாம் இருபது விநாடிக்குள். ஏழு லக்ஷம் பிரயாணிகளுக்கு மேல் தவித்தார்கள்.

இந்த இடத்தில் பையன் எதிரே கையைக் காட்டினான். "இந்த அருவி மாதிரி ஐந்து வழி வைத்தால் போதாதா மாமா? ஒன்று அடைத்தாலும் நாலு ஓடுமே?"

நான் பதில் சொல்லுமுன், பக்கத்தில் எண்ணெய்க் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்த பெரியவர் சிரித்தார். அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்தே தலை நரைத்தவர். "அஞ்சுன்னு எண்ணாதீங்க தம்பி. மேல ஒரு ஓடைதான். சித்திரையில வந்து பாருங்க, அஞ்சும் சேந்தேதான் வத்திக் கெடக்கும். என்ன அண்ணாச்சி, நான் சொல்றது?"

எஞ்சினீயர்கள் அறிக்கை அறிக்கையாக எழுதும் விஷயத்தை அவர் எண்ணெய்க் கையோடு சொல்லிவிட்டார். இங்கிலாந்தில் இரண்டு யந்திரம் இருந்தன, மூளை ஒன்று. வழிகளின் எண்ணிக்கை பெரிதல்ல. அவை வெவ்வேறு ஊற்றிலிருந்து வருகின்றனவா என்பதே கேள்வி. எங்கள் பள்ளிக்கூடத்திலேயே இதைக் கண்டோம். ஒரு கம்பெனி இணைப்பு அறுந்தால் மற்றது இருக்கட்டும் என்று இரண்டு கம்பெனிகளுக்குப் பணம் கட்டினோம். சாலை தோண்டும் யந்திரம் ஒருநாள் ஒரே வெட்டில் இரண்டையும் அறுத்தது. இரண்டும் ஒரே குழியில் புதைந்து கிடந்தது அன்றுதான் தெரிந்தது.

இனி நம் தேசத்தில் நடக்கும் சீர்திருத்தத்துக்கு வருகிறேன். தந்தி வலைக்குப் பதிலாக, நீண்ட செய்தியையும் இணைப்புகளையும் கொண்டுபோகக்கூடிய, நம் மின்னஞ்சல் போன்ற புதிய செய்தி முறையை உலகெங்கும் புகுத்தி வருகிறார்கள். இந்தியாவும் அதில் சேர்ந்திருக்கிறது. இது ஆடம்பரமல்ல. வானிலைச் செய்தியை 2020 நவம்பர் முதல் புதிய வடிவில் பரிமாறிக்கொள்ள வேண்டுமென்று சர்வதேச விமான ஸ்தாபனம் விதித்திருக்கிறது. அந்த வடிவம் பழைய தந்திப் பைக்குள் நுழையாது. விமான நிலையங்களின் பேச்சு, தகவல், படம் எல்லாவற்றையும் ஒரே வலையில் சேர்க்கும் பெரிய வேலைக்காக நம் விமான நிலைய ஆணையம் அமெரிக்காவின் ஹாரிஸ் கம்பெனியோடு பதினைந்து வருஷ ஒப்பந்தம் செய்துகொண்ட செய்தி 2019-இல் வெளிவந்தது. தொகை 14 கோடியே 10 லக்ஷம் டாலர்.

'அமெரிக்கக் கம்பெனி' என்று படித்தபோது என் மனம் சற்றுச் சுருங்கியது உண்மை. டில்லிக் கோளாறைச் சரிசெய்ய ஓடிவந்தவர்களில் ஹைதராபாத்தில் 1967-இல் பிறந்த நம் சொந்த சர்க்கார் ஸ்தாபனம், எலெக்ட்ரானிக்ஸ் கார்ப்பொரேஷனின் எஞ்சினீயர்கள் இருந்தார்கள். அதனால் சுதேசி யந்திரமே போதும் என்று வாதிக்க நான் வரவில்லை. அயலாரிடம் வாங்குவது அவமானமும் அல்ல. வாங்கிய சாமானின் உள்ளே என்ன இருக்கிறது என்பதை நம் பிள்ளைகள் திறந்து பார்த்துக் கற்கும் உரிமை ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்பதுதான் என் கவலை. பதினைந்து வருஷம் முடிந்த மறுநாள் பழுது வந்தால், கடல் கடந்து தந்தியடித்துக்கொண்டிருக்கக் கூடாது.

தென்காசிக்கு விமான நிலையம் இல்லை. நமக்குச் சமீபத்தில் உள்ள தூத்துக்குடியில் 2025 ஜூலையில் புதிய கட்டடம் திறந்தார்கள். பளபளப்பான கண்ணாடியை எல்லோரும் புகைப்படம் எடுத்துக்கொண்டார்கள். அங்கிருந்து சென்னைக்கும் திருவனந்தபுரத்துக்கும் போகும் தகவல் வழிகள் எத்தனை, அவற்றில் எவை ஒரே குழியில் போகின்றன என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. நம் பார்லிமெண்டு அங்கத்தினர்கள் கேட்கலாம். கேள்வி நேரத்தில் இதைவிட அற்பமான விஷயங்களெல்லாம் வருகின்றன.

இவ்வளவும் பேசி முடிப்பதற்குள் எங்கள் முறை வந்தது. ஐந்து நிமிஷம்கூட நின்றிருக்கமாட்டோம். போலீஸ்காரர் விசில் ஊதினார். கீழே வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. மேலே மலையில் மழை பிடித்துவிட்டதாகத் தகவல் வந்ததாம். 2024 மே மாதத்தில் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு பையனை அடித்துக்கொண்டு போனதிலிருந்து விசில் சத்தத்துக்கு இங்கே மரியாதை கூடியிருக்கிறது. சிலர் முணுமுணுத்தார்கள். பெரியவர் கிண்ணத்தை மூடிக்கொண்டு முதலில் எழுந்தார். நாங்கள் ஈரத்துண்டோடு படியேறினோம். பாதி வழியில் திரும்பிப் பார்த்தேன். தண்ணீர் செம்மண் நிறமாக மாறிக்கொண்டிருந்தது.