அழுதால் பிஸ்கெட், சிரித்தால் சாக்லேட்!

குழந்தை அழுகிறது. உடனே கையில் ஒரு பிஸ்கெட்!

ஊசி போட்டுக்கொண்டதா? சாக்லேட். கணக்கில் நல்ல மார்க் வாங்கியதா? பீட்சா. மார்க் வாங்கவில்லையா? "சரி போகட்டும் கண்ணு, அழாதே" என்று அதற்கும் ஒரு ஐஸ்கிரீம்!

சென்னையில் வீட்டுக்கு வீடு இதுதான் நடக்கிறது. போலீஸ் பாஷையில் சொன்னால் இதற்குப் பேர் லஞ்சம். கொடுப்பது பெற்றவர். வாங்குவது பிள்ளை. கையும் களவுமாகப் பிடிக்கத்தான் ஆள் இல்லை.

பத்து வயதில் அந்தப் பிள்ளைக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. போன வருஷம் தைத்த யூனிபாரம் இந்த வருஷம் பட்டன் பூட்டவில்லை. அப்போது மட்டும் வீடே ஒன்று சேர்ந்துகொண்டு பிள்ளையைத் திட்டுகிறது. "தின்னு தின்னு பூசணிக்கா மாதிரி ஆயிட்டே!"

தின்னக் கொடுத்தது யார்?

எந்தப் பசி?

பசியில் இரண்டு வகை உண்டு. ஒன்று வயிற்றுப் பசி. இது மெல்ல மெல்ல வரும். இட்லி கொடுத்தாலும் இறங்கும், ரசம் சோறு கொடுத்தாலும் இறங்கும். வயிறு நிறைந்ததும் "போதும்மா" என்று தட்டைத் தள்ளிவிடும்.

இன்னொன்று மனப் பசி. இது திடீரென்று வரும். இட்லி என்றால் வேண்டாம், பழம் என்றால் வேண்டாம். அந்தப் பாக்கெட்தான் வேண்டும்! பாக்கெட் காலியான பிறகும் தீராது. பயம், கோபம், தனிமை, சும்மா இருக்கிற சலிப்பு, வீட்டில் நடக்கும் சண்டை என்று எதற்கு வேண்டுமானாலும் இந்தப் பசி வரும். அப்பா குடித்துவிட்டு வந்து சத்தம் போடுகிற வீட்டில் பிள்ளை மூலையில் உட்கார்ந்து மிக்சர் டப்பாவைக் காலி பண்ணினால், அதற்குப் பசி என்றா அர்த்தம்?

"பரம்பரை உடம்பு சார், நாங்க என்ன பண்றது?" என்று சிலர் கேட்கிறார்கள். உடம்பு வாகு பரம்பரையாக வருவது உண்மைதான். சில பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே பசி அதிகம். அதையும் மறுக்க முடியாது. ஆனால் மனம் வாடினால் தின்பண்டத்தைத் தேடுகிற பழக்கம் வேறு சங்கதி. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 4 வயது இரட்டைக் குழந்தைகளை வைத்து இதை ஆராய்ந்து 2018-ல் முடிவை வெளியிட்டார்கள். இந்தப் பழக்கத்துக்கு முக்கியக் காரணம் பரம்பரை அல்ல, வீட்டுச் சூழ்நிலைதான் என்பது அந்த முடிவு. அழுகிற குழந்தையைத் தின்பண்டம் கொடுத்து அடக்குவதும் அந்தச் சூழ்நிலையில் சேர்த்தி.

அதாவது, பிள்ளை இதைக் கற்றுக்கொள்கிறது. வாத்தியார் வீட்டிலேயே இருக்கிறார்!

ரயிலடிப் பொட்டலம்

இதற்காகத் தாய்மார்களைக் கூண்டில் ஏற்றினால் அதுவும் அநியாயம்.

பீச் ஸ்டேஷனில் ரயில் ஏறி தாம்பரத்தில் இறங்கும் ஒரு அம்மாவை எடுத்துக்கொள்ளுங்கள். காலை 8 மணிக்கு வீட்டை விட்டால், திரும்ப இரவு 8 மணி. நாள் முழுக்கப் பிள்ளையைப் பார்க்கவில்லை என்று மனசு குத்துகிறது. ஸ்டேஷன் வாசலில் பேக்கரி வெளிச்சம். ஒரு பப்ஸ், ஒரு கேக் துண்டு, ஒரு சிப்ஸ் பாக்கெட். குற்ற உணர்ச்சிக்கு அதுதான் மருந்து.

கதவைத் திறந்ததும் பிள்ளை முதலில் பார்ப்பது எதை? அம்மா முகத்தை அல்ல, அம்மா கையில் இருக்கும் பையை! "என்னம்மா வாங்கிட்டு வந்தே?"

பிள்ளைக்கும் தெரியாமல், பெற்றவளுக்கும் தெரியாமல் பாசம் பொட்டலமாக மாறிவிடுகிறது. அந்தப் பொட்டலம் இல்லாத நாளில் வெறுங்கையோடு வர அம்மாவுக்கே கூச்சமாக இருக்கிறது. வந்ததும் வராததுமாகப் பத்து நிமிஷம் பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னிக்கு ஸ்கூல்ல என்ன ஆச்சு?" என்று கேட்பதற்குக் காசு செலவில்லை. ஆனால் 12 மணி நேரம் உழைத்துவிட்டு வந்தவளுக்கு அந்தப் பத்து நிமிஷம்தான் கஷ்டம். அடுப்பு காத்திருக்கிறது, துணி காத்திருக்கிறது. அப்பா என்ன செய்கிறார்? டிவி பார்க்கிறார்! கேட்க வேண்டிய கேள்வியை அவரும் கேட்கலாம்தானே?

இன்னொரு கூத்து, கீரைப் பேரம். "கீரை சாப்பிட்டா ஐஸ்கிரீம் தருவேன்." நல்லது செய்வதாகத்தான் நினைக்கிறார்கள். பிள்ளை என்ன புரிந்துகொள்கிறது? கீரை தண்டனை, ஐஸ்கிரீம் பரிசு. அப்புறம் அந்தப் பிள்ளை கீரையை எப்படித் தொடும்?

கையில் செல்போனைக் கொடுத்து வாயில் ஊட்டுகிறார்களே, அது இதைவிட மோசம். படம் ஓடுகிறது, வாய் திறக்கிறது, சோறு உள்ளே போகிறது. வயிறு "போதும்" என்று சொல்வது பிள்ளையின் காதில் விழுவதே இல்லை. போதாக்குறைக்கு, "தட்டைக் காலி பண்ணு, சோத்தை வீணாக்கினா பாவம்" என்று அதட்டல் வேறு!

கேலி ஒரு கொடுமை

"குண்டு", "தடியா", "ரோடு ரோலர்" என்றெல்லாம் கூப்பிடுவது நம் ஊரில் வேடிக்கை. கல்யாண வீட்டில் மாமா சொல்வார். வகுப்பில் வாத்தியார் சொல்வார். சினிமாவில் குண்டுப் பையன் தலையைக் காட்டினாலே கொட்டகையில் சிரிப்பு.

சிரித்தவர்கள் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். அந்தப் பிள்ளை? அன்றைக்கு விளையாடப் போகாது. ஓடினால் சிரிப்பார்களே! ரூமில் உட்கார்ந்திருக்கும். மனசு வாடும். மனசு வாடினால் என்ன செய்ய வேண்டும் என்று 2 வயதிலேயே கற்றுக்கொடுத்தாகிவிட்டது. பாக்கெட்டைப் பிரிக்கும். எடை ஏறும். மறுபடி கேலி. இந்தச் செக்கில் பிள்ளை சுற்றிச் சுற்றி வருகிறது.

"நாளையிலேர்ந்து இவனுக்கு ராத்திரி சோறு கிடையாது" என்று உத்தரவு போடுகிற அப்பாக்களும் உண்டு. தம்பி எதிரில் உட்கார்ந்து பூரி சாப்பிடுவான், அண்ணனுக்கு மட்டும் வெள்ளரிக்காய்! இது வைத்தியம் இல்லை, சித்திரவதை. வளர்கிற பிள்ளையைப் பட்டினி போடக்கூடாது. எடை மேலே ஏறாமல் பார்த்துக்கொண்டாலே பல பிள்ளைகளுக்குப் போதும், உயரம் வளர வளர உடம்பு சரியாகிவிடும். வீட்டில் பலகாரம் குறைய வேண்டும் என்றால் எல்லோருக்கும் குறைய வேண்டும். அப்பாவின் டீயில் சர்க்கரை உட்பட.

கழுத்துக் கருப்பு

தாய்மார்கள் கவனிக்க வேண்டிய ஒரு அடையாளம் இருக்கிறது. குண்டான சில பிள்ளைகளுக்குப் பின்கழுத்தில், அக்குளில் கறுப்பாக, தடிப்பாகத் தோல் மாறும். அழுக்கு என்று நினைத்து நார் போட்டுத் தேய்க்கிறார்கள். பயத்தமாவு பூசுகிறார்கள். தோல் உரிந்து ரத்தம் வந்தாலும் கருப்பு போவதில்லை. போகாது! அது அழுக்கு அல்ல. உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கு அது ஒரு அறிகுறியாக இருக்கலாம். சோப்பை வைத்துவிட்டு டாக்டரிடம் காட்ட வேண்டும். தாத்தாவுக்கு 60 வயதில் வந்த சர்க்கரை நோய் பேரனுக்கு 15 வயதிலேயே வருகிறது. ராத்திரி பலமான குறட்டை, முட்டி வலி இவையும் அலட்சியம் செய்யக்கூடியவை அல்ல.

ஒல்லியான பிள்ளை வைத்திருப்பவர்கள் நிம்மதிப் பெருமூச்சு விட வேண்டாம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 5 வயதுக்குள் 100 குழந்தைகளில் 22 குழந்தைகள் வயதுக்கேற்ற எடை இல்லாதவை. அதே ஆய்வில், இதே தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100-க்கு 40 பேர் எடை கூடியவர்கள். ஒரே தெருவில் ஒரு வீட்டில் சத்தில்லாத குழந்தை, அடுத்த வீட்டில் சதை போட்ட அம்மா! குண்டாக இருக்கும் பிள்ளைக்கும் ரத்த சோகை இருக்கலாம். பாக்கெட் வயிற்றை நிரப்பும், ரத்தம் ஊறவைக்காது.

உலகக் கணக்கும் இதே கதைதான். 5 முதல் 19 வயது வரை எடை கூடியவர்கள் 2022-ல் 39 கோடிக்கு மேல் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

50 மீட்டர் சட்டம் எங்கே?

வீட்டுக்குள் இருக்கும் குறை இருக்கட்டும். பள்ளிக்கூட வாசலுக்கு வருவோம்.

மாலை 4 மணி. மணி அடித்ததும் கேட் திறக்கிறது. எதிரே தொங்குவது என்ன? சரம் சரமாக 5 ரூபாய், 10 ரூபாய் பாக்கெட். பக்கத்தில் கலர் தண்ணீர் பாட்டில். அதற்குப் பக்கத்தில் பஜ்ஜிச் சட்டி.

பள்ளி வளாகத்திலும், பள்ளி கேட்டிலிருந்து 50 மீட்டருக்குள்ளும், கொழுப்பு, உப்பு, சர்க்கரை அதிகமுள்ள பண்டங்களை மாணவர்களுக்கு விற்கக்கூடாது என்று மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-ல் விதி போட்டது. 2021 ஜூலையில் அது அமலுக்கு வந்தது. எத்தனை கடைக்காரருக்குத் தெரியும்? எத்தனை ஹெட்மாஸ்டருக்குத் தெரியும்? புகையிலைக்கு 100 கஜம் என்று 2003-ல் போட்ட சட்டமாவது சில இடங்களில் போர்டில் இருக்கிறது. இதற்கு ஒரு போர்டு கூட கண்ணில் படவில்லையே!

நினைத்தால் அதிகாரிகளால் முடியாது என்று சொல்ல முடியாது. 2024 பிப்ரவரியில் பஞ்சு மிட்டாயில் ரோடமைன்-பி என்ற சாயம் கலந்திருப்பது தெரிந்ததும், தமிழக அரசு உடனே தடை போட்டது. கடற்கரையில் சோதனை நடந்தது. ஏழை பஞ்சு மிட்டாய்க்காரர் மேல் பாய்ந்த வேகத்தில் கால்வாசி கூட பெரிய கம்பெனி பாக்கெட் பக்கம் திரும்பவில்லை. ஏன்?

கோலா பாட்டில் லேபிளைத் திருப்பிப் பாருங்கள். வழக்கமான கோலாவில் 100 மில்லிக்கு 10 கிராமுக்கு மேல் சர்க்கரை. 300 மில்லி குடித்தால் 30 கிராம், ஏழெட்டு டீஸ்பூன்! வீட்டில் ஒரு தம்ளர் தண்ணீரில் எட்டு ஸ்பூன் சர்க்கரை போட்டுக் கொடுத்தால் எந்தப் பாட்டியாவது சும்மா இருப்பாரா?

மத்திய அரசு இதில் ஒரு கையால் தடுத்து, இன்னொரு கையால் தள்ளுகிறது. சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் சர்க்கரையின் கெடுதலைச் சொல்லும் போர்டு வைக்க வேண்டும் என்று 2025 மே மாதம் உத்தரவு வந்தது. நல்லது. அதே ஆண்டு செப்டம்பர் 22 முதல் பிஸ்கெட், சாக்லேட், ஐஸ்கிரீமுக்கு ஜி.எஸ்.டி. வரியை 18 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைத்தார்கள். குளிர்பானத்துக்கு மட்டும் 40 சதவீதம். உள்ளே போர்டு, வெளியே மலிவு விலை! பிள்ளை எதைப் படிக்கும்?

கடைக்காரர் பக்கமும் நியாயம் உண்டு. "நான் சரக்கு போடலைன்னா அடுத்த கடைக்காரன் போடுவான். என் யாவாரம்தான் போகும்" என்கிறார் வாசல் கடைக்காரர். பொய்யில்லை. ஒரு கடையை மட்டும் மிரட்டி ஒரு பிரயோஜனமும் இல்லை. கோடு போட்டால் எல்லோருக்கும் போட வேண்டும். அந்தக் கோட்டுக்குள் சுண்டல், அவித்த வேர்க்கடலை, வேகவைத்த சோளம், கொய்யா, மோர் விற்கிறவருக்கு மாநகராட்சி இடம் கொடுக்கட்டும், போலீஸ் மாமூல் கேட்காமல் இருக்கட்டும். சுண்டலில் லாபம் இல்லை என்று மெரினாவில் யாராவது சொல்லியிருக்கிறார்களா?

காலையில் சாப்பிடாமல் வருகிற பிள்ளைதான் 11 மணி இடைவேளையில் முதலில் பாக்கெட்டைப் பிரிக்கிறது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் உப்புமா, பொங்கல் கிடைக்கிறது. பணம் கட்டிப் படிக்கிற பிள்ளை வேனைப் பிடிக்கிற அவசரத்தில் வெறும் வயிற்றோடு ஓடுகிறது. டிபன் பாக்சில் அவசர நூடுல்ஸ்!

ஓடி ஆடுவதற்காவது வழி இருக்கிறதா? ஒரு நாளைக்கு 60 நிமிஷமாவது பிள்ளைகள் உடம்பு அசைய விளையாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தெருவில் கார் நிற்கிறது. பார்க்கில் "பந்து விளையாடக் கூடாது" என்று போர்டு தொங்குகிறது. பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக்கொண்டு திருப்பித் தருவதே இல்லை.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும்போது பெற்றோர் கூட்டம் நடக்கும். பீஸ் பற்றிக் கேட்பார்கள், வேன் பற்றிக் கேட்பார்கள். அந்தக் கூட்டத்தில் ஒரே ஒருவர் எழுந்து, "கேட்டிலிருந்து 50 மீட்டர் எதுவரைக்கும் சார்?" என்று கேட்கட்டும். ஒரு டேப்பும் ஒரு டப்பா மஞ்சள் பெயின்டும் வாங்க மாநகராட்சிக்கு எவ்வளவு செலவாகும்?