கடுகும் காபியும்

குழந்தையைப் பறிகொடுத்த கிசா கோதமியின் கதை எல்லோருக்கும் தெரியும். 'சாவே விழாத வீட்டில் கொஞ்சம் கடுகு வாங்கி வா' என்று அவளை அனுப்பினார் புத்தர். துக்க வீட்டில் இந்தக் கதையை எடுத்துவிட யாராவது ஒரு பெரியவர் இருப்பார். 'எல்லாருக்கும் வர்றதுதானே, அழாதம்மா' என்று முடிப்பார்.

கதையை இதைவிடத் தப்பாகப் புரிந்துகொள்ள முடியாது. 'எல்லோரும் ஒருநாள் சாகத்தான் வேண்டும்' என்று ஒரே வரியில் சொல்லி அனுப்ப புத்தருக்குத் தெரியாதா? சொல்லவில்லையே! வீடு வீடாகப் போகச் சொன்னார். ஒவ்வொரு வாசலிலும் யாரோ ஒருவர் தன் இழப்பைச் சொன்னார், அவள் கேட்டாள். அவளைத் தேற்றியது பிரசங்கம் அல்ல, ஊர்.

2011 மார்ச் 11 சுனாமியில் ஜப்பானில் இறந்தவர்களும் காணாமல்போனவர்களும் 18 ஆயிரத்துக்கு மேல். மூன்றாம் நாளே, 'இது தெய்வ தண்டனை' என்றார் அப்போதைய டோக்கியோ கவர்னர் இஷிஹாரா. கண்டனம் கிளம்பியதும் மறுநாள் மன்னிப்புக் கேட்டார். பிணங்களைத் தேடிக்கொண்டிருந்தவர்களிடம் பேசுகிற பேச்சா இது?

அதே சமயம் மியாகி மாநிலத்தில் தாயியோ கனேட்டா என்ற ஸென் பிட்சு வேறொன்று செய்தார். சின்ன லாரியில் காபியும் கேக்கும் ஏற்றிக்கொண்டு, வீடிழந்தவர்களின் தற்காலிகக் குடியிருப்புகளுக்குப் போனார். கடையின் பெயர் 'கஃபே டி மாங்க்'. ஆங்கிலத்தில் மாங்க் என்றால் துறவி. ஜப்பானிய மொழியில் 'மோன்கு' என்றால் புலம்பல். வாங்க, உட்காருங்க, புலம்புங்க. அவ்வளவுதான். உள்ளங்கை அளவில் களிமண் ஜிஸோ பொம்மைகளும் செய்தார்கள். இறந்த குழந்தைகளைக் காப்பவராக ஜப்பானியர்கள் நம்பும் போதிசத்துவர் ஜிஸோ.

2012-ல் டோஹோகு பல்கலைக்கழகம் இந்தப் பணிக்கென்றே மதகுருமார்களுக்குப் பயிற்சி தொடங்கியது. முக்கிய விதி, மதப் பிரசாரம் கூடாது!

'பற்றை விடச் சொல்வதுதானே பௌத்தம்?' என்று கேட்கலாம். சரிதான். ஆனால் பற்றை விடுவது அழுகிறவர் தானாக, தன் நேரத்தில் செய்ய வேண்டிய வேலை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் வேலை கருணை. உங்கள் வேலையைச் செய்யாமல் அவர் வேலையை அவருக்கு ஞாபகப்படுத்துவதற்குப் பெயர் உபதேசம் அல்ல, கைகழுவல்.

அடுத்த முறை துக்க வீட்டுக்குப் போகும்போது தத்துவத்தைச் செருப்போடு வாசலில் விட்டுவிடுங்கள். அடுப்பு எரியாத வீட்டுக்கு ஒரு பிளாஸ்க் காபி கொண்டுபோங்கள். அவர்கள் பேசினால் கேளுங்கள். பேசாவிட்டால், தயவுசெய்து நீங்களும் பேசாதீர்கள்.