ஓடும் வீட்டில் ஒழுக்கு

கோல்கொண்டா கோட்டைக்குப் போகும் வழியில் கார்வான் என்று ஒரு பகுதி இருக்கிறது. குதுப் ஷாஹி காலத்தில் வைர வியாபாரிகளின் வண்டிக் கூட்டங்கள் தங்கிய இடம். பாரசீக மொழியின் கார்வான்தான் ஆங்கிலத்துக்குப் போய் கேரவனாகி, சினிமாக்காரர்களின் குளிர்சாதன வண்டியாக ஹைதராபாத்துக்கே திரும்பி வந்திருக்கிறது. தமிழில் இதற்குச் சாத்து என்று பழைய சொல் உண்டு. கோவலனின் தகப்பனார் மாசாத்துவான் அந்தத் தொழிலைத்தான் பெயரில் சுமந்தார். ஆனால் ‘கதாநாயகி சாத்துக்குள் இருக்கிறார்’ என்று எழுதினால் எந்தப் பத்திரிகையும் பிரசுரிக்காது. கேரவன் என்றே இருக்கட்டும்.

எனக்கு இந்த வண்டியோடு உறவு ஏற்பட்டது மொழிபெயர்ப்பால். படப்பிடிப்புகளுக்குக் கேரவன் வாடகைக்கு விடுபவர் ஒருவர், தன் வண்டியில் பொருத்தியிருந்த வெளிநாட்டுக் கழிப்பறையின் கையேட்டைத் தமிழில் கேட்டார். வண்டி ஓடுவது ஹைதராபாத்தில் என்றாலும் ஹெல்பர்கள் விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்துப் பையன்கள். “எல்லாம் வேணாம் சார். டாய்லெட் ஒழுகினா என்ன பண்றதுங்கற பக்கம் மட்டும் போதும்” என்றார். தமிழில் முதுகலை படித்தவனுக்கு வரும் வேலைகளில் இதுவும் ஒன்று. செய்ய ஆரம்பித்த பிறகு சுவாரசியமாகவே இருந்தது.

வீட்டுக் கழிப்பறையும் கேரவன் கழிப்பறையும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கலாம். இரண்டுக்கும் அடிப்படையில் ஒரு வித்தியாசம் உண்டு. வீட்டில் தரை அசையாது. கேரவனில் தரை நாள் முழுக்க ஆடுகிறது. விஜயவாடா நெடுஞ்சாலையில் ஆட்டோநகரைத் தாண்டி, 1996இல் தொடங்கிய ராமோஜி ஃபிலிம் சிட்டி வரை ஒருமுறை போய் வந்தால் எத்தனை குலுக்கல் என்று இடுப்புக்குத் தெரியும். வீட்டில் செய்வதுபோல ஒயிட் சிமெண்ட் வைத்து பீங்கானைத் தரையோடு ஒட்டினால், அந்தக் குலுக்கலில் சிமெண்ட் வெடிக்கும். பிறகு அதன்மேல் எம்-சீல். அதுவும் வெடிக்கும். இறுகும் எதுவும் ஓடும் வண்டிக்கு ஆகாது. கொஞ்சம் நெகிழ்ந்துகொடுக்கும் ரப்பர் வளையம்தான் அங்கே தாங்கும். எல்லாரும் வாசர் என்று சொல்கிற அதே ஜாதிப் பொருள், கொஞ்சம் பெரிய அளவில்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பதுதான் பாதி வேலை. தரையை நன்றாகத் துடைத்துவிட்டு, கழிப்பறையைச் சுற்றிப் பழைய செய்தித்தாள் விரித்து, அரைமணி நேரம் யாரையும் உள்ளே விடாமல் காத்திருக்க வேண்டும். யாரும் தொடாமலே தாள் நனைந்தால், தண்ணீர் உள்ளே வரும் குழாயிலோ அதன் வால்விலோ கோளாறு. வருவது நல்ல தண்ணீர், பயப்பட ஒன்றுமில்லை. மிதியை அழுத்தித் தண்ணீர் விடும்போது மட்டும் அடிப்பாகத்தில் நனைந்தால், கழிப்பறைக்கும் தரைக்கும் நடுவே உள்ள வளையம் போய்விட்டது, அல்லது போல்ட் தளர்ந்துவிட்டது. வெளியே எங்கும் ஈரமில்லை, ஆனால் கிண்ணத்தில் நிற்க வேண்டிய தண்ணீர் மட்டும் மெல்ல இறங்கிக் காணாமல் போகிறது என்றால், கிண்ணத்தின் அடியில் திறந்து மூடும் தகட்டைச் சுற்றியுள்ள ரப்பரில் அழுக்கு சேர்ந்திருக்கிறது. இந்த மூன்றாவது ரகம்தான் ஏமாற்றக்கூடியது. தண்ணீர்த் திரை போய்விடுவதால் கீழே உள்ள தொட்டியின் வாயு நேராக மேலே வரும். நாற்றத்தை மறைக்க வாசனைத் திரவம் அடித்து, ஏ.சி.யைக் கூட்டி, கதவையும் சாத்திவிடுகிறார்கள். அந்த வாயுவில் ஹைட்ரஜன் சல்ஃபைடு உண்டு. செப்டிக் டேங்குகளில் ஆட்களைச் சாய்ப்பது அதுதான். இங்கே அளவு குறைவு என்றாலும் ஜன்னலைத் திறந்து வைப்பதே புத்தி.

ரப்பரைச் சுத்தம் செய்து சிலிகான் கிரீஸ் தடவினாலே பல சமயம் சரியாகிவிடும். வாசலினோ என்ஜின் கிரீஸோ தடவினால் ரப்பர் உப்பிப் பாழாகும். ஆசிட் ஊற்றுவது இன்னும் மோசம். ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடர் சேர்ந்தால் குளோரின் கிளம்பும். அந்தச் சின்ன அறைக்குள் அது விளையாட்டல்ல. அடி வளையத்தை மாற்ற வேண்டுமென்றால் முதலில் பம்பை நிறுத்தி, தொட்டியைக் காலி செய்துவிட்டுத்தான் போல்ட்டில் கைவைக்க வேண்டும். திரும்பப் பூட்டும்போது இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்க வேண்டும். ஒரே பக்கமாக முடுக்கினால் பீங்கான் கீறும்.

நான் திணறியது வேறோர் இடத்தில். கை கழுவிய தண்ணீருக்கு ஆங்கிலக் கையேடு சாம்பல் நீர் என்று பெயர் வைத்திருக்கிறது. கழிப்பறைத் தண்ணீர் கருப்பு நீர். ‘கருநீர்’ என்று எழுதிப் பார்த்தேன். யமுனை மாதிரி இருந்தது. ஹெல்பர் பையனிடம் என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். “பெரிய டேங்க், சின்ன டேங்க் சார்” என்றான். அப்படியே போட்டேன்.

ஒரு மணி நேர வேலையும் ஒரு ரப்பர் வளையமுமாக முடியும் விஷயம் ஏன் மாதக்கணக்கில் ஒழுகுகிறது? “டிரைவர் தொட மாட்டாரு. மெக்கானிக் டாய்லெட்னாலே வர மாட்டேங்கறாரு. கடைசியில யாராவது ஒருத்தர கூட்டிட்டு வரச் சொல்வாங்க” என்றான் அதே பையன். அந்த ‘யாராவது ஒருத்தர்’ எந்தத் தெருவிலிருந்து வருவார் என்பது சொல்லாமலே எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. தஞ்சைப் பக்கத்தில் பிறந்து ஆந்திரப் பிரதேசத்தில் ஐ.ஏ.எஸ். அதிகாரியாக இருந்த எஸ்.ஆர். சங்கரன், ஓய்வுக்குப் பிறகு ஹைதராபாத்தில் இருந்தபடி பெஜவாடா வில்சன் போன்றவர்களோடு சேர்ந்து ஒழிக்கப் பாடுபட்டது இந்த ஏற்பாட்டைத்தான். அவர் 2010இல் காலமானார். மலம் அள்ளும் தொழிலைத் தடுக்கும் புதிய சட்டம் 2013இல் வந்தது.

அந்தச் சட்டத்தை எடுத்து வரிவரியாகப் படித்தேன். ரயில் தண்டவாளத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. நூறாண்டுக்கு மேல் ரயில் கழிப்பறைகள் நேராகத் தண்டவாளத்தில்தான் கொட்டின. இன்று பெட்டிக்கு அடியில், பாதுகாப்பு ஆராய்ச்சித் துறை உருவாக்கிய பாக்டீரியாத் தொட்டிகள் தொங்குகின்றன. செப்டிக் டேங்கையும் சட்டம் விளக்குகிறது: பொதுவாக நிலத்துக்கு அடியில் அமைந்தது என்று. பஸ்ஸுக்கு அடியில் தொங்கும் பெரிய டேங்க் அதில் சேருமா என்பதை வக்கீல்கள்தான் சொல்ல வேண்டும். உரிய உபகரணமும் பாதுகாப்புக் கவசமும் கொடுத்துவிட்டால் அந்த ஆள் மலம் அள்ளுபவராகக் கருதப்பட மாட்டார் என்றும் ஒரு விளக்கம் இருக்கிறது. ஒரு ஜோடி கையுறை சட்டத்தில் இவ்வளவு கனமானது என்று நான் நினைத்ததில்லை. கேரவனில் அந்த ஒரு ஜோடிகூட இல்லை.

வண்டிக்கு வெளியே இருப்பவர்கள் கதை தனி. மலையாள சினிமா பற்றிய நீதிபதி ஹேமா கமிட்டியின் அறிக்கை, 2019இல் கொடுக்கப்பட்டு 2024 ஆகஸ்டில்தான் வெளிவந்தது. படப்பிடிப்பில் கழிப்பறை இல்லாததால் பெண்கள் தண்ணீர் குடிக்காமலே நாளைத் தள்ளுவதையும், அதனால் வரும் சிறுநீர்த் தொற்றுகளையும் அது பதிவு செய்திருக்கிறது. இங்கே கிருஷ்ணா நகரிலிருந்து விடியற்காலையில் பஸ் ஏறும் துணை நடிகைகளுக்கு அந்தப் பக்கங்களில் புதுச் செய்தி எதுவும் இருக்காது. கேரவன் கதவு அவர்களுக்குத் திறப்பதில்லை. சில இளகிய மனசுக்கார நடிகைகள் உள்ளே விடுவதுண்டு. டாய்லெட் ஒழுகும் நாளில் அதுவும் இல்லை.

ஆங்கிலக் கையேட்டில் கையுறை பற்றிய வரி கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில் இருந்தது. தமிழில் அதை முதல் வரியாக வைத்தேன். உரிமையாளர் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து, வரிசை மாறியிருக்கிறதே என்றார். மாறித்தான் இருக்கிறது என்றேன். யோசித்துவிட்டு, தாளை லாமினேட் செய்து கழிப்பறைக் கதவின் உட்புறம் ஒட்டச் சொன்னார். நாலு ஜோடி ரப்பர் கையுறையும் வாங்கினார்கள். பில்லை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று கொஞ்ச நேரம் விவாதம் நடந்தது. கடைசியில் டீசல் கணக்கில் எழுதியிருக்கிறார்கள்.