எந்த ஊர், எந்தத் தெரு?

போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர், ஓய்வுபெற்ற வங்கி மேலாளர், ரசத்துக்குச் சோற்றில் பாத்தி கட்டிக்கொண்டே சொன்னார்: “பட்டணத்துல இப்ப யாரு சார் சாதி பாக்குறா? காசு இருந்தா யாரு வேணா எங்க வேணா குடியிருக்கலாம்.” எதிர்வரிசையில் இரண்டு தலைகள் ஆடின. எனக்கு அதற்குமேல் சோறு இறங்கவில்லை.

காரணம், அதற்கு முந்தைய நாள்தான் என்னோடு வேலை பார்க்கும் தம்பி ஒருவனுக்கு வீடு பார்க்கப் போயிருந்தேன். தென்சென்னையில் ஒரு மாடி வீடு. வாசலில் டூலெட் பலகை. வீட்டுக்கார அம்மா சமையலறைக் குழாயைத் திறந்து காட்டினார். தண்ணீர் நன்றாகவே வந்தது. துணி காயப்போடும் இடம், வண்டி நிறுத்தும் இடம் எல்லாம் காட்டினார். அட்வான்ஸ் பேசி முடித்தாயிற்று. அப்போதுதான் அவர் கணவர் கேட்டார்: “தம்பிக்குச் சொந்த ஊரு?”

“விழுப்புரம் பக்கம் சார்.”

“விழுப்புரமேவா?”

“இல்ல சார், கிராமம்.”

“ஊருக்குள்ளயா?”

தம்பி ஒரு நொடி என்னைப் பார்த்தான். “காலனி சார்” என்றான்.

அந்த அம்மா குழாயை மூடினார். “வீட்ல கலந்துக்கிட்டுச் சொல்றோம்” என்றார்கள். கலந்துகொள்ள வேண்டிய இரண்டு பேரும் எங்கள் எதிரில்தான் நின்றுகொண்டிருந்தார்கள். ராத்திரி நான் போன் பண்ணினேன். “உங்களுக்குன்னா நாளைக்கே சாவிய வாங்கிக்குங்க சார். அந்தத் தம்பிக்குச் சரிப்படாது.” தம்பியின் சம்பளம் என் சம்பளத்தைவிட அதிகம். காசு இருந்தால் போதும் என்று பந்தியில் பேசுகிறவர்கள் இதற்கு முதலில் பதில் சொல்லட்டும்.

காலனி என்ற சொல்லைக் கவனியுங்கள். பட்டணத்தில் அந்தச் சொல்லுக்கு மரியாதை உண்டு. வங்கி ஊழியர் காலனி, ஆசிரியர் காலனி என்று முகவரியில் பெருமையாக எழுதுகிறார்கள். கிராமத்தில் அதே சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான்: சேரி. அது தீண்டாமையின் அடையாளமாகிவிட்டது, அரசு ஆவணங்களிலிருந்து நீக்குகிறோம் என்று 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார். நல்ல அறிவிப்புத்தான். ஆனால் ஆவணத்திலிருந்து போன சொல் டூலெட் பலகைக்குப் பின்னாலிருந்து போகவில்லை. சாதியை நேரடியாகக் கேட்பது பட்டணத்தில் அநாகரிகம். அதனால் ஊரைக் கேட்கிறார்கள், தெருவைக் கேட்கிறார்கள், குலதெய்வத்தைக் கேட்கிறார்கள், அப்பா பெயரைக் கேட்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, “நீங்க வெஜ்தானே?” இந்தக் கேள்விக்கும் கோழிக்குழம்புக்கும் சம்பந்தம் ரொம்பக் குறைவு.

இது என் ஒருவன் அனுபவம் என்று தள்ளிவிட முடியாது. பொருளியல் அறிஞர் சுகதேவ் தோரட்டும் அவருடைய சகாக்களும் டெல்லியிலும் அதை ஒட்டிய நகரங்களிலும் இதையே முறையாகச் சோதித்துப் பார்த்து 2015இல் எழுதினார்கள். ஒரே மாதிரி வேலை, ஒரே மாதிரி வருமானம். பெயர் மட்டும் வேறு. அப்படிப்பட்டவர்களை வாடகை வீடு கேட்க வைத்தார்கள். உயர்சாதிப் பெயருக்குத் திறந்த கதவு தலித் பெயருக்குப் பலமுறை மூடியது, முஸ்லிம் பெயருக்கு அதைவிட அதிகமாக மூடியது. திறந்த இடங்களிலும் வாடகை கூடியது, நிபந்தனை கூடியது. அதற்கு முன்பே, 2012இல், ஆய்வாளர்கள் த்ரினா விதயத்திலும் காயத்ரி சிங்கும் 2001 மக்கள்தொகைக் கணக்கை வைத்து நாட்டின் ஏழு பெருநகரங்களை வார்டு வார்டாக ஆராய்ந்தார்கள். சென்னையும் அதில் உண்டு. பணக்காரரும் ஏழையும் பிரிந்து கிடப்பதைவிட, சாதிக்குச் சாதி பிரிந்து கிடப்பது அதிகம் என்று அவர்களுக்குத் தெரியவந்தது. வார்டுக்குள்ளே தெருத்தெருவாக இறங்கிப் பார்த்தால் பிரிவினை இன்னும் கூர்மை என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. வங்கி மேலாளர் இவற்றைப் படித்திருக்க வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் அவர் கண்ணகி நகருக்கு ஒருமுறை போயிருக்கலாம். பந்தி நடந்த மண்டபத்திலிருந்து ஒரே பேருந்துதான்.

ஒக்கியம் துரைப்பாக்கத்தில், பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டி, 2000ஆம் ஆண்டு வாக்கில் தொடங்கியது கண்ணகி நகர். பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். முதலில் கட்டியவை 200 சதுர அடிகூட இல்லை. கூவம் கரையிலிருந்தும் அடையாற்றங்கரையிலிருந்தும் நகரின் நடுவிலிருந்த குடிசைப் பகுதிகளிலிருந்தும் மக்களை அள்ளிக்கொண்டுவந்து இங்கே இறக்கினார்கள். பெரும்பான்மையோர் தலித்துகள். பிறகு சுனாமிக்குப் பின் செம்மஞ்சேரி, அதற்கும் பின் எழில் நகர், பெரும்பாக்கம். பெரும்பாக்கத்தில் மட்டும் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். ஊருக்கு வெளியே சேரி என்று நம் முன்னோர் வகுத்ததைத் திட்ட வரைபடம் போட்டு, டெண்டர் விட்டு, அடுக்குமாடியாக நாம் கட்டியிருக்கிறோம்.

காலம் மாறிவிட்டது என்கிறார்கள். கண்ணகி நகரை எந்த ராஜாவும் கட்டவில்லை. பக்கத்திலேயே கணினி நிறுவனங்கள் கண்ணாடிக் கட்டடங்களை எழுப்பிக்கொண்டிருந்த அதே வருடங்களில், அதே சாலையில் கட்டியது.

அவரவர் தம் ஆட்களோடு இருக்கத்தானே விரும்புவார்கள் என்கிறார்கள். கண்ணகி நகருக்கு யார் விரும்பிப் போனார்கள்? தீவுத்திடல் அருகே இருந்த சத்தியவாணி முத்து நகர் மக்களை 2019 டிசம்பரில், பள்ளி ஆண்டின் நடுவிலேயே, பெரும்பாக்கத்துக்கு ஏற்றிவிட்டார்கள். இருபது கிலோமீட்டருக்கும் அப்பால். பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த பிள்ளையின் விருப்பத்தை யார் கேட்டது? காலையில் ஐந்து வீட்டில் பாத்திரம் கழுவிப் பிழைத்த தாய், அந்த வீடுகளுக்குப் போய்ச் சேரவே இரண்டு பேருந்து மாற வேண்டியிருக்கிறது. அவள் வேலை பார்க்கும் வீட்டுக்காரர்தான், “அவங்களுக்கு கவர்மென்ட்டு சும்மாவே வீடு குடுத்திருக்கு” என்று சொல்கிறார்.

ஆற்றங்கரை ஆபத்து, வெள்ளம் வரும் என்றும் சொன்னார்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அதைச் சொல்லித்தான் அடையாற்றங்கரையைக் காலி செய்தார்கள். கொண்டுபோய் விட்ட இடம் எது? பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் பக்கம். செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் மழைக்காலத்தில் தண்ணீர் நிற்பது ஊரறிந்த செய்தி. அந்தச் சதுப்பு நிலத்தைப் பெருமளவு தின்றுவிட்டு நிற்கும் பெரிய கட்டடங்களை யாரும் லாரியில் ஏற்றவில்லை. 1970இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கியபோது, குடிசை இருந்த இடத்திலேயே மாடி வீடு கட்டித்தருவதுதான் பேச்சாக இருந்தது. சென்னைக்குள் அப்படிக் கட்டிய குடியிருப்புகள் இன்றும் நிற்கின்றன. அந்த வழி கைவிட்டுப்போனதற்கு நிலத்தின் விலை ஒரு காரணம். யாருடைய பக்கத்தில் யார் இருக்கலாம் என்ற கணக்கு மற்றொரு காரணம். 2021இல் வாரியத்துக்குப் பெயர் மாறி, நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் ஆயிற்று. கண்ணகி நகர் கண்ணகி நகராகத்தான் இருக்கிறது.

நீதி கேட்டு மதுரையை எரித்தவள் பெயரை இந்த இடத்துக்கு வைத்தவர் யாரோ! இன்று அந்தப் பெயரை வேலைக்கான விண்ணப்பத்தில் எழுதப் பயந்து, துரைப்பாக்கம் என்று மட்டும் எழுதுகிறார்கள் அங்கத்து இளைஞர்கள். நகரில் எங்கே செயின் பறிப்பு நடந்தாலும் முதலில் அங்கே போய்த் தேடுகிறார்கள். நம் சினிமாவும் தன் பங்கைச் செய்கிறது. வடசென்னை என்றால் அரிவாள், ஹவுசிங் போர்டு என்றால் கஞ்சா. அக்டோபர் 2025இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் கபடியில் தங்கம் வென்ற இந்திய அணியில் கண்ணகி நகர்ப் பெண் ஒருத்தி இருந்தாள். அன்று எல்லோரும் ‘நம்ம சென்னைப் பொண்ணு’ என்றார்கள். அவள் குடும்பம் மாம்பலத்தில் வாடகைக்கு வீடு கேட்டால் அவள் யார் பொண்ணு என்பதுதான் என் கேள்வி.

பட்டணம் சாதியைக் கரைக்கும் என்ற நம்பிக்கைக்கு வயது நூறுக்கு மேல். 1917இல் கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு வந்த அம்பேத்கர், பரோடா சமஸ்தானத்தில் உத்தியோகத்துக்குச் சேர்ந்தார். பரோடா கிராமமல்ல, தலைநகரம். அங்கே அவருக்குத் தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சிப் பெயர் ஒன்றை வைத்துக்கொண்டு பார்சி விடுதியில் தங்கினார். பதினோராம் நாள் தடிகளோடு வந்து வெளியேற்றினார்கள். நண்பர்கள் இருவரிடம் கேட்டுப் பார்த்தார், இருவரும் சாக்குச் சொன்னார்கள். பொதுப் பூங்காவில் போய் உட்கார்ந்திருந்துவிட்டு ராத்திரி ரயிலில் பம்பாய் திரும்பினார். இதை அவரே எழுதியிருக்கிறார். அவரிடம் படிப்பு இருந்தது, உத்தியோகம் இருந்தது, வாடகை கொடுக்கப் பணமும் இருந்தது.

சட்டம் என்ன செய்கிறது? கடையில், ஓட்டலில், கிணற்றில் பாகுபாடு கூடாது என்கிறது அரசியல் சட்டத்தின் 15ஆவது பிரிவு. வாடகை வீட்டைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. 2005இல் அகமதாபாத்தின் பார்சி வீட்டுவசதிச் சங்க வழக்கில், உறுப்பினர்களைத் தம் சமூகத்தாரோடு நிறுத்திக்கொள்ளும் விதி செல்லும் என்றே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சாதி பார்த்து வாடகைக்கு மறுப்பது குற்றம் என்று தெளிவாகச் சொல்லும் சட்டம் வேண்டும். சமூகநீதி மண் என்று மேடைதோறும் முழங்கும் இந்த மாநிலம்தான் அதை முதலில் இயற்ற வேண்டும்.

தம்பி இப்போது பெருங்குடியில் மூன்று பேரோடு அறை எடுத்திருக்கிறான். அந்த மாடி வீட்டு வாசலில் பலகை இன்னும் தொங்குகிறது, நேற்றும் பார்த்தேன். இதைப் படிக்கிறவர்களில் வீடு வாடகைக்கு விடுகிறவர்கள் நிச்சயம் இருப்பீர்கள். உங்கள் வாசலுக்கு வருகிறவரிடம் வாடகை, தண்ணீர், கரண்ட் பில் பற்றிப் பேசுங்கள். ஊரையும் தெருவையும் கேட்காதீர்கள்.