கண்மாய் விராலும் அதன் பருவமும்

நமது புதுக்கோட்டை மாவட்டம் கண்மாய்ப் பாசனத்தை நம்பி வாழும் நாடு என்பது யாவரும் அறிந்ததே. சிறிதும் பெரிதுமாக ஐயாயிரத்துக்கு மேற்பட்ட கண்மாய்கள் இம்மாவட்டத்தில் இருக்கின்றன. அவற்றின் கரையையும் மடையையும் கலிங்கையும் பற்றி நாம் ஓயாது பேசுகிறோம். பேச வேண்டியதும் அவசியமே. ஆயினும் அதே நீரில் விளையும் இரண்டாவது மகசூலாகிய மீனைப் பற்றி நமக்கு அவ்வளவு கவலை இருப்பதில்லை. நெல்லுக்குப் பட்டம் பார்க்கிறோம். கடலைக்குப் பட்டம் பார்க்கிறோம். மீனுக்கு மட்டும் பட்டம் இல்லையென்று எண்ணி எந்நாளும் பிடிக்கிறோம். இவ்வழக்கம் மாற வேண்டுமென்பதே எனது அபிப்பிராயம். கண்மாய்க்குப் புதுநீர் வந்து சேர்ந்த நாள் தொட்டு 60 நாட்கள் விராலைப் பிடிக்கலாகாது என்று ஒவ்வொரு கிராமமும் கட்டுப்பாடு செய்துகொள்ள வேண்டும்.

விராலைத் தனித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கட்லா, ரோகு, மிருகால் என்பவை வடநாட்டு ஆறுகளுக்குரிய மீன்கள். அவை தேங்கிய கண்மாய் நீரில் இனம் பெருக்குவதில்லை. 1957-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 10-ஆம் தேதி ஒரிஸ்ஸாவில் ஹிராலால் சௌத்ரி முதலியோர் ஊசி மருந்தினால் அவ்வகை மீன்களை முட்டையிடச் செய்து வெற்றி கண்டனர். அதன் பிறகே குஞ்சுகளைப் பண்ணையில் பொரித்து எங்கும் வழங்குவது எளிதாயிற்று. எனினும், ஆண்டுதோறும் பணங் கொடுத்துக் குஞ்சு வாங்கி விட்டால்தான் அம்மீன்கள் நமது கண்மாயில் உண்டு. விராலோ நமது கண்மாயிலேயே பிறந்து, அங்கேயே வளர்ந்து, அங்கேயே குஞ்சு பொரிப்பது. அதற்கு நாம் செலவிட வேண்டிய காசு ஒன்றுமில்லை. சந்தையில் அதன் விலை கெண்டை வகைகளின் விலையைவிடப் பன்மடங்கு அதிகம். நோயுற்றுத் தேறியவர்க்கு விரால் குழம்பு கொடுக்கும் வழக்கமும் நம்மிடையே நெடுநாளாக இருந்து வருகிறது.

இனி அதன் பருவங்களைக் கவனிப்போம். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை இறங்கி வரத்துக்கால்களில் நீர் ஓடத் தொடங்கியதும் விரால் ஆழத்தை விட்டுக் கரையோரத்துக்கு வருகிறது. ஆணும் பெண்ணும் ஜோடியாகச் சேர்ந்து, கோரையும் பாசியும் மண்டிய ஆழமற்ற இடத்தில் சிறிது வெளியைத் துப்புரவு செய்து முட்டையிடுகின்றன. முட்டைகள் நீரின்மேல் மிதக்கும். ஓரிரு நாட்களில் அவை பொரிந்து, சிறிது வளர்ந்ததும் செந்நிறக் குஞ்சுகள் ஒரே திரளாக மேற்பரப்பில் கொதிப்பதுபோல் மேய்ந்து திரியும். அத்திரளின் கீழே தாயும் தந்தையும் சில வாரங்கள் வரை காவல் நிற்கும். மார்கழியிலும் தையிலும் விடியற்காலைக் குளிரில் விரால் மந்தமாயிருந்து, வெயில் ஏறிய பின்னரே மேலே வரும். மாசி, பங்குனியில் சம்பா அறுவடை முடிந்து நீர் வற்றும்போது அது நன்கு கொழுத்திருக்கும். தூண்டிலுக்கும் வலைக்கும் ஏற்ற காலம் அதுவே. சித்திரை, வைகாசியில் நீர் குழிகளில் ஒதுங்கிவிடும். மூச்சுக் காற்றை நேரே மேலிருந்து வாங்கும் இயல்பினால், மற்ற மீன்கள் மடிந்த பின்னும் விரால் சேற்றில் பிழைத்திருந்து அடுத்த மழையை எதிர்நோக்கும்.

இவ்வளவு உறுதியான மீன் ஊருக்கு ஊர் குறைந்து வருவதாகக் குடியானவர்கள் சொல்வது ஏன்? மழைக்குறைவு ஒரு காரணம். வரத்துக்கால்கள் தூர்ந்து போனது மற்றொன்று. இவை எளிதில் நம் கைக்கு அடங்குவன அல்ல. நம் கைக்கு அடங்கிய காரணம் ஒன்று உண்டு. அது ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் குஞ்சோடு நிற்கும் விராலைப் பிடிப்பது. சிவந்த குஞ்சுத் திரளைக் கண்டவுடன் அதன் நடுவே தவளை கோத்த தூண்டிலை விழவிடுகிறார்கள். பசியற்றிருந்தாலும், குஞ்சுக்குப் பகை வந்ததென்று எண்ணி விரால் அதைச் சீறிக் கவ்வுகிறது. பிடிப்பவனுக்குத் திறமையே தேவையில்லை. அந்த மீனின் பிள்ளைப் பாசமே அதற்குத் தூண்டிலாகிறது. தாய் தந்தையை இழந்த குஞ்சுகள் கெளுத்திக்கும் கொக்குக்கும் நீர்க்காகத்துக்கும் விரைவில் இரையாகின்றன. குழம்புக்கு ஒரு மீன் கிடைத்தது உண்மை. கண்மாய் இழந்ததோ பல நூறு குஞ்சுகள். விதைநெல்லைச் சமைத்து உண்பவனை நாம் புத்திசாலி என்று சொல்வதில்லை.

பருவ வரம்பு என்பது நமக்குப் புதிதன்று. இம்மாவட்டத்துக்குக் கடற்கரையும் உண்டு. கோட்டைப்பட்டினத்திலும் ஜெகதாப்பட்டினத்திலும் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. மீன் இனப்பெருக்கத்துக்கென்று சர்க்கார் விதித்த தடை அது. தொழிலையே நம்பிய அம்மக்கள் இரண்டு மாதம் பொறுத்திருக்க, நிலமும் கால்நடையும் உடைய நாம் ஒரே ஒரு மீனுக்காகப் பொறுத்திருக்க இயலாதா? அயல்நாட்டு உதாரணமும் ஒன்று கூறலாம். வட அமெரிக்காவின் ஏரிகளில் பாஸ் என்னும் மீன் உண்டு. விராலைப் போலவே கூடு கட்டிக் குஞ்சைக் காப்பது. அவ்வினத்தில் ஆண் மீனே காவல் நிற்கும். கனடா தேசத்து ஒன்டாரியோ மாகாணத்தின் தென்பகுதி ஏரிகளில், அது குஞ்சு காக்கும் இளவேனிற் காலத்தில் ஜூன் மாதம் வரை அதைத் தூண்டிலிட்டுப் பிடிப்பது பொதுவாகத் தடை செய்யப்பட்டிருக்கிறது. அங்கே பொழுதுபோக்குக்காகத் தூண்டில் போடுபவரும் அதற்குக் கட்டுப்படுகிறார்கள்.

கடலுக்குத் தேதி குறித்தது போலக் கண்மாய்க்குத் தேதி குறித்தல் பொருந்தாது. ஓராண்டு புரட்டாசியிலேயே நீர் வரும். மற்றோராண்டு கார்த்திகை பிறந்தும் கண்மாய் வறண்டு கிடக்கும். ஆகவே நீர் வந்த நாளையே முதல் நாளாகக் கொள்ள வேண்டும். அந்நாளை ஊரார் யாவரும் அறிவர். கிராம நிர்வாக அலுவலரும் ஊராட்சித் தலைவரும் அதைத் தண்டோரா மூலமோ அறிவிப்புப் பலகை மூலமோ தெரிவித்தால் போதுமானது.

இதற்குக் கூறப்படும் ஆட்சேபங்கள் மூன்று. ஏழைகளின் கறிக்கு வழியில்லாமல் போகும் என்பது முதலாவது. அயிரை, கெளுத்தி, கெண்டை, ஜிலேபிக் கெண்டை ஆகியவற்றுக்கு இவ்வரம்பு இல்லை, விராலுக்கு மட்டுமே. மீன்பாசி ஏலம் எடுத்தவர் பணங் கட்டியிருக்கிறாரே என்பது இரண்டாவது. ஏலத்துக்கு முன்பே இந்த 60 நாள் ஷரத்தை நிபந்தனைகளில் எழுதிவிட்டால், அவர் அதை அறிந்தே கேட்பார். தவிரவும், மாசியில் எடை கூடிய விராலை விற்பதே அவருக்கும் லாபம். விட்ட கெண்டைக் குஞ்சுகளை விரால் தின்றுவிடும் என்பது மூன்றாவது. இதில் உண்மை உண்டு. அதற்குப் பரிகாரம், சிறு குஞ்சுகளை விடாமல் விரலளவு வளர்ந்த விரலிகளை வாங்கி விடுவதேயன்றி, விராலை வேரறுப்பது அன்று.

கோடையிலும் ஒரு கடமை இருக்கிறது. பொன்னமராவதி, இலுப்பூர்ப் பக்கங்களில் நீர் வற்றியதும் ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீச, ஊத்தாவும் கச்சாவும் வலையுமாக ஜாதி மத பேதமின்றி மக்கள் இறங்கும் மீன்பிடித் திருவிழா நமது நாட்டின் நல்ல வழக்கங்களில் ஒன்று. அதை நிறுத்தச் சொல்பவன் நானல்லன். ஆனால் மடைக்கு அருகிலுள்ள ஆழமான குழி ஒன்றை மட்டும் முள் வெட்டிப் போட்டு ஒதுக்கி வைக்க வேண்டும். அடுத்த ஆண்டின் விதை அதிலேதான் இருக்கிறது. அக்குழியை இயந்திரம் வைத்து இறைப்பதும், நஞ்சு கலப்பதும் பெருந்தீங்கு. நீரில் நஞ்சிட்டும் வெடி வைத்தும் மீன் பிடிப்பதை 1897-ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டமே குற்றமென விதித்தது. அந்நீரை ஆடு மாடுகளும் குடிக்கின்றன என்பதை மறக்கலாகாது.

நமது முன்னோர் கண்மாய் மீன் வருவாயைப் பாசிப்பாட்டம் என்று கல்வெட்டுகளில் குறித்தனர். அவ்வருவாயைக் குளத்தின் பராமரிப்புக்கே விட்ட செய்திகளும் தமிழ்நாட்டுக் கல்வெட்டுகளில் உண்டு. மீனும் நீரும் கரையும் ஒரே குடும்பம் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள். மீன்பாசி ஏலம் என்னும் சொல்லில் அந்தப் பழைய பெயர் இன்றும் ஒட்டியிருக்கிறது. அதன் கருத்தையும் நாம் காப்பாற்ற வேண்டும்.

ஆகவே நிலச்சுவான்தார்களும், நீரைப் பயன்படுத்துவோர் சங்கத்தாரும், கிராம அதிகாரிகளும் அடுத்த ஏலத்துக்கு முன் ஒருநாள் கூடி மூன்று ஷரத்துகளை எழுதிக்கொள்வார்களாக: புதுநீர் வந்து 60 நாட்கள் விரால் பிடியாமை, கோடையில் ஒரு குழியை ஒதுக்குதல், நஞ்சிட்டவனுக்கு ஏலம் ரத்து. இவற்றுக்கு மானியமும் வேண்டாம், கடனும் வேண்டாம். ஊரின் ஒற்றுமை ஒன்றே போதும். ஒரு கண்மாயில் மூன்றாண்டு இதைச் செய்து பார்த்து, பலன் கண்டால் பக்கத்து ஊருக்கும் சொல்லுங்கள்.